நாற்பதுக்கு நாற்பது

என் மகனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் மற்ற சங்கதிகளுக்குப் போவது என் வழக்கம். இன்றைக்கு அந்த வரி வரவில்லை, விட்டுவிட்டேன். நீ அனுப்பிய தடித்த உறை செவ்வாய்க்கிழமை வந்தது. உள்ளே உன் கடிதம், ஆசிரியர் பயிற்சி வகுப்பில் கொடுத்த குணப் பரீட்சைத் தாளில் நீ நிரப்பியது ஒன்று, உனக்கு நிச்சயம் செய்திருக்கும் அச்சன்புதூர்ப் பெண் நிரப்பியது ஒன்று, எனக்கும் உன் அம்மாவுக்குமாக வெற்றுத் தாள் இரண்டு. நாற்பது கேள்விகள். ஆமாம், இல்லை, சில சமயம் என்ற மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். கூட்டிப் பார்த்தால் மனிதர் அருவி, ஓடை, குளம், கிணறு என்ற நான்கு வகையில் ஒன்றில் போய் விழுவார். நீ அருவி, அவளும் அருவி. அது மட்டுமல்ல, நாற்பது பதிலும் ஒன்றுகூடப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறது, இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். அவளுக்குப் புரிவதற்காக நீ நிரப்பிய தாளின் பிரதியையும் கூடவே வைத்து அனுப்பினாயாம், ஆனால் பார்க்காமல்தான் எழுதினேன் என்று அவள் சத்தியம் செய்கிறாளாம். உன் சந்தோஷம் எழுத்திலேயே தெரிகிறது. எனக்குத்தான் நெஞ்சு பதறியது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை, பயந்துவிடாதே. அந்தப் பெண் உன்னிடம் வந்த பிறகு என்ன ஆவாள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தாளில் அச்சடித்திருக்கும் தமிழ் என்னுடையது. உனக்கு இது தெரிய நியாயமில்லை. உனக்கு மூன்று வயது இருக்கும்போது, ஒரு சாரல் காலத்தில், சென்னையில் மனோதத்துவம் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர் குற்றாலத்தில் பங்களா பிடித்து இரண்டு மாதம் தங்கினார். தம்மிடம் இருந்த இங்கிலீஷ் கேள்விகளைத் தமிழில் ஆக்கி, நல்ல கையெழுத்தில் பிரதிகள் எழுத ஆள் தேடினார். பத்திரப் பதிவு ஆபீசில் நகல் எழுத்தராக இருந்த என்னைத் தென்காசியில் எல்லோரும் கைகாட்டினார்கள். கையெழுத்து என்றால் அப்போது நான்தான். இதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மேலகரம் வழியாக நடந்தே போவேன். நான்கு வகைக்கும் அவர் சொன்ன பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. தண்ணீர்ச் சத்தம் ஓயாமல் காதில் விழும் இடத்தில் உட்கார்ந்து எழுதியதாலோ என்னவோ, உள்ளதைக் கொட்டிவிடுகிறவன் அருவி, ஓரிடத்தில் நிற்காதவன் ஓடை, எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன் குளம், எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்கிறவன் கிணறு என்று நானே பெயர் வைத்தேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

அந்த மாதம் எங்கள் ஆபீசில் வேலை ஓடவில்லை. ஆளாளுக்கு ஒரு தாள் வாங்கி நிரப்பினார்கள். எங்கே இரண்டு பேர் நின்றாலும் நீ என்ன, நான் என்ன என்றுதான் பேச்சு. என்னோடு நகல் ஒப்பிடுகிற பிச்சையா ஓடை என்று வந்தது. அதைச் சொல்லி நான்கு நாள் மார்தட்டிக்கொண்டு திரிந்தான். எனக்கு அருவி வரும் என்று நான் வெகுவாக நம்பியிருந்தேன். வந்தது கிணறு. முகம் சுண்டிப்போய் வீட்டுக்கு வந்தவன், மிச்சமிருந்த தாள்களில் ஒன்றை உன் அம்மாவிடம் கொடுத்து, நீயும் எழுது பார்ப்போம் என்றேன். அவள் செங்கோட்டையில் பிறந்து அங்கே ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து சற்றுப் பெரிதாக இருந்தாலும் சுத்தமாக இருக்கும். அடுக்களை வாசலில் உட்கார்ந்து, கேள்வி ஒன்றைப் படிப்பதும், என்னைப் பார்ப்பதும், எழுதுவதுமாக ஒரு மணி நேரத்தில் முடித்தாள். நான் அப்போது வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். என் தாள் ஆபீஸ் மேஜையில் இருந்தது.

நகல் ஒப்பிடுவது எப்படி என்று நீ சிறுவயதில் பார்த்திருப்பாய். ஒருவர் அசலை உரக்க வாசிப்பார், மற்றவர் நகலின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே வருவார். பிழை இல்லையென்றால் அடியில் "ஒப்பிட்டுப் பார்த்தது, சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். மறுநாள் வேடிக்கையாக எங்கள் இரண்டு தாளையும் அதே மாதிரி ஒப்பிட்டோம். பிச்சையா என்னுடையதை வாசித்தான், நான் உன் அம்மாவுடையதில் விரல் வைத்தேன். பத்து வரைக்கும் சிரித்துக்கொண்டே வாசித்தான். இருபதைத் தாண்டியதும் அவன் குரல் இறங்கியது. நாற்பது முடிந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இது நகலுல்லா" என்றான். எனக்கோ ஒரே பெருமை. ஊர் உலகத்தில் யாருக்கு அமையும் இப்படி ஒரு பெண்டாட்டி என்று, அவள் தாளின் அடியில் ஒப்பிட்டுப் பார்த்தது, சரி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நான் செய்த பிழைகளில் பெரியது அதுதான். தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேராசிரியரிடமும் கொண்டுபோனேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இது நீங்க எழுதினது, சரி. அவங்க எழுதினது எங்கே?" என்று கேட்டார். இதோ இதுதான் ஐயா என்றேன். அவர் அந்தத் தாளை ஓரத்தில் பிடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்றிலிருந்து உன் அம்மாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். அடுத்த ஞாயிறு அவளையும் அருவிக்குக் கூட்டிப்போனேன். ஆண்கள் குளிக்கும் பக்கத்திலிருந்து பெண்கள் குளிக்கும் பக்கம் தெரியாது, கூப்பிட்டாலும் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது. நான் தலையை நனைத்ததும் உடனே வெளியே வந்துவிட்டேன். அவளும் அதே நேரம் வந்துகொண்டிருந்தாள். அதற்கடுத்த வாரம் விரல் நுனி வெளுத்துச் சுருங்கும் வரை நின்றேன். வெளியே வந்து பார்த்தால் அவளும் அப்போதுதான் கரையேறிச் சேலையைப் பிழிகிறாள், உதடெல்லாம் நீலம். மூன்றாவது வாரம் அவளை உள்ளே அனுப்பிவிட்டு, நான் குளிக்கவே போகாமல் எண்ணெய் தேய்க்கிறவர்களின் பக்கத்தில் மறைவாக உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் காய்ந்த தலையோடு வந்து நின்றாள். "ஏட்டி, குளிக்கலையா?" என்று கேட்டேன். "என்னமோ வேண்டாம்னு இருந்துது. நீங்க குளிச்சியளா?" என்றாள். சாரல் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, எனக்குப் புழுங்கியது.

இன்னொன்றும் கேள். உன் அம்மாவுக்குத் தேங்காய்ப்பால் சொதி என்றால் உயிர். கல்யாணமான புதிதில், மறுவீட்டுச் சாப்பாட்டில் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் கேலி செய்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒருநாள் வேண்டுமென்றே, எனக்கு இப்போதெல்லாம் சொதி பிடிப்பதில்லை என்று போகிற போக்கில் சொல்லி வைத்தேன். அது பொய். இரண்டு மாதம் கழித்து மேலகரத்தில் ஒரு கல்யாணம். பெண்கள் பந்திக்கும் எங்களுக்கும் நடுவில் ஓலைத்தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. பரிமாறுகிறவளிடம், "எனக்குச் சொதி ஆகாதுக்கா. சின்னப்பிள்ளையிலேருந்தே ஆகாது" என்று சொன்னாள். எனக்காகச் சொன்னாள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் நான் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியாதே. சின்னப்பிள்ளையிலேருந்து என்று யாருக்காகச் சொன்னாள்? என் முதுகில் யாரோ விரலை வைத்தாற்போல் இருந்தது. அன்றைக்கு என்னாலும் சொதியைத் தொட முடியவில்லை.

அடுத்த சாரலுக்குப் பேராசிரியர் வரவில்லை. என்னிடம் இருந்த வெற்றுத் தாள்களில் ஒன்றை எடுத்து, ஆபீசில் தனியாக உட்கார்ந்து, பதினொரு கேள்விகளுக்கு வேண்டுமென்றே பொய் எழுதினேன். கோபம் வந்தால் உடனே காட்டிவிடுவேன், கூட்டத்தில் இருக்கப் பிடிக்கும் என்று இப்படியெல்லாம். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. உன் அம்மாவிடம் இன்னொரு தாளைக் கொடுத்துவிட்டு நான் வீட்டிலேயே இருக்கவில்லை, சிற்றாற்றங்கரை வரை போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். எழுதி மடித்து வைத்திருந்தாள். இந்தத் தடவை பிச்சையாவைக் கூப்பிடவில்லை. நானே வாசித்து நானே விரல் வைத்தேன். பதினொரு பொய்யும் அங்கே இருந்தன. நாற்பதுக்கு நாற்பது.

"ஒனக்கு யாருட்டி சொன்னா?" என்று கேட்டேன். "யாரும் சொல்லலையே. இந்த வருசம் நீங்க எதெ எதெ மாத்துவியன்னு யோசிச்சேன், எழுதினேன்" என்றாள். ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ என்று பயந்த முகம். "சரி, அது போகட்டும். ஒன் பதில் எது?" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். கேலி இல்லை, வருத்தம் இல்லை, மறைப்பு இல்லை. புரியாத பாஷையில் பேசுகிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "என் பதிலா? அப்படின்னா?" என்றாள். மகனே, நான் எத்தனையோ சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன். அந்த மத்தியானம் என் வீட்டில் இருந்த நிசப்தத்தை எங்கேயும் கண்டதில்லை.

இது எப்போது தொடங்கியது என்று யோசித்து யோசித்து ஒரு இடத்தில் வந்து நின்றேன். அவள் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம். செங்கோட்டைப் பழக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்லுவாள். சாப்பிட உட்கார்ந்த என்னிடம், "வெள்ளம் கொண்டாரட்டா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். என் தங்கையைக் கூப்பிட்டு, இவள் கேட்டதைக் கேளு என்று சொல்லி, திரும்பவும் சொல்லச் சொல்லிச் சிரித்தேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, புதுப் பெண்ணைச் சீண்டுகிற விளையாட்டுத்தான். அவளுக்குப் பதினான்கு வயது. நின்ற இடத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் பார்க்க ஆரம்பித்தாள் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லை மறுபடி அவள் வாயில் நான் கேட்டதில்லை. பிறகு ஒவ்வொன்றாக என்னென்ன போயிற்று என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அவளைப் பார்க்கவில்லை. நான் சாப்பிட்ட இலையில் அவள் சாப்பிட்டாள். எனக்குப் பிடித்தது மிஞ்சாது, பிடிக்காததுதான் மிஞ்சும். அதைத் தின்றே வளர்ந்தாள்.

அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை. கொஞ்ச நாள் பயந்தேன், பிறகு பழகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், சுகமாகத்தான் இருந்தது. கேட்பதற்கு முன் காப்பி வரும். நான் ஒருவனை அயோக்கியன் என்றால் அவளும் அயோக்கியன் என்பாள். இருபது வருஷம் ஒரு வாக்குவாதம் இல்லை. ஊரில் எங்களைக் காட்டி மற்றவர்களுக்குப் புத்தி சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். சில நாள் அவள் சமையல் செய்யும் சத்தம் கேட்கும்போது, வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று திடீரெனத் தோன்றும். எழுந்து போய் அடுக்களையை எட்டிப் பார்ப்பேன். அவளும் அப்போது சரியாகத் தலை நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள்.

இப்போது எழுதப்போவது உனக்கு மட்டும். இரண்டு மாதமாக என் வலது கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். ஒரு வாரத்துக்குள் உன் அம்மா வாசலில் போடும் கோலமும் நெளிய ஆரம்பித்தது. படியேறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது, அவளும் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறாள். பென்ஷன் காகிதம் விஷயமாக என்று பொய் சொல்லித் திருநெல்வேலிக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். இருதயம் பலவீனம் என்றார், காரியங்களைத் தள்ளிப் போடாதீர்கள் என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. என்னைப் பார்த்தே வாழ்ந்தவள், நான் போன பிறகு எதைப் பார்ப்பாள் என்று நினைக்கத்தான் எனக்குப் பயம். சாவுக்கு இவ்வளவு பயப்படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் உன் உறை வந்தது. உன் கடிதத்தை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் இருவரும் நிரப்பிய தாள்களைக் காட்டவில்லை. அவற்றை என் எழுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன், சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. நேற்றுக் காலை வெற்றுத் தாளை அவளிடம் கொடுத்து, "இந்தத் தடவை நான் எழுதப்போறதில்ல. நீ மட்டும் எழுது. ஒனக்கு என்ன தோணுதோ அது" என்றேன். என்னிடம் அசல் இல்லையென்றால் அவளிடம் நகல் இருக்க முடியாது, இத்தனை வருஷம் கழித்தாவது அவளைப் பார்த்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. புது மாப்பிள்ளை மாதிரி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவள் நிறுத்தாமல் எழுதினாள். ஒரு தரம்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படி அவள் பார்க்காமல் இருந்து நான் கண்டதே இல்லை.

தாளை வாங்கிப் படித்தேன். முதல் கேள்வி, என் பதில் இல்லை. இரண்டாவது, அதுவும் இல்லை. ஐந்து வரை வந்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷம் தாங்கவில்லை. இதோ இருக்கிறாள், இத்தனை நாள் உள்ளேயே இருந்திருக்கிறாள் என்று வாய்விட்டே சொன்னேன். பத்தாவது பதிலில் எனக்குச் சந்தேகம் தட்டியது, இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று. பெட்டியைத் திறந்து உன் தாளை எடுத்து வைத்தேன். அச்சன்புதூர்ப் பெண்ணின் தாளையும் எடுத்து வைத்தேன். நடுங்குகிற விரலை நகர்த்தி நகர்த்தி மூன்றையும் பார்த்தேன். நாற்பதுக்கு நாற்பது.

அடுக்களைக்குப் போனேன். புடலங்காய் அரிந்துகொண்டிருந்தாள். "பெட்டியத் தொறந்தியாட்டி?" என்று கேட்டேன். "எனக்கு எதுக்குப் பெட்டி?" என்றாள். "அப்போ இது ஒன் பதிலா?" என்றேன். அவள் நிமிரவில்லை. "அவன் பதிலு. இனிமே அவன்கூடத்தானே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

நான் டாக்டரிடம் போனதை அவள் எப்படி அறிந்தாள் என்று இனிமேல் கேட்டு ஆவதற்கு ஒன்றுமில்லை. உன்னிடம் ஒன்று கேட்கிறேன், தட்டாதே. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பாகவே வா. நேரே அச்சன்புதூர் போ. மாப்பிள்ளை இப்படி வரலாமா என்று பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். அந்தப் பெண்ணிடம் ஏதாவது ஒன்றைக் கேள், கத்தரிக்காய் பிடிக்குமா என்பதாக இருந்தாலும் போதும். கேட்டுவிட்டு உன் பதிலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள். அவள் உன் முகத்தைப் பார்ப்பாள். முகத்தையும் கொடுக்காதே, அந்தப் பக்கம் திரும்பி உட்கார். எவ்வளவு நேரமானாலும் காத்திரு. அவள் சொல்வது உனக்கு விசித்திரமாக இருந்தால் சிரித்துவிடாதே. உனக்கு மாறாக ஒரு பதில் வந்தால் அன்றைக்கே தாலி கட்டச் சொன்னாலும் கட்டு. வரவில்லையென்றால் மறுநாளும் போய்க் கேள். அவளுக்குப் பத்தொன்பது வயதுதான், இன்னும் மீட்டுவிடலாம்.

உன் அம்மாவும் எனக்குப் பிறகு உன்னிடம்தான் வருவாள். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நீ சொல்ல நினைப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டு, உனக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பாள். அந்தச் சுகத்துக்குப் பழகிவிடாதே. அவளிடமும் கேட்டுக்கொண்டே இரு. நான் உயிரோடு இருக்கும்போதே ஒன்று கிடைத்தால், அவளுடையது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே ஒரு பதில் கிடைத்தால், உடனே எனக்கு ஒரு கார்டு போடு. அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பதுதான் அந்தப் பதில் என்றாலும் மறைக்காமல் எழுது.

உன் அப்பா